ஆயம்மா வீட்டு விளக்கு

மூலக்குளம்,
10-6-1984.

அன்புத் தம்பி ஆதிமூலத்துக்கு அக்கா பார்வதி எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். ஏனாமில் வெயில் எப்படி? போன கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தாய். விட்டதா இல்லையா, அதை முதலில் எழுது.

உன் மாமா பேச ஆரம்பித்துவிட்டார். மில்லுக்குப் பூட்டுப் போட்ட இந்தப் பதினான்கு மாதத்தில் அவர் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு கார்டு நிறையாது. இருபத்தாறு வருஷம் மோட்டார் செக்‌ஷனில் இரைச்சலிலேயே இருந்தவருக்கு வீட்டில் காது அடைத்துப்போன மாதிரி இருந்திருக்கும். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவார். உனக்கு இதையெல்லாம் நான் இதுவரை எழுதவில்லை.

சித்திரையில் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு சின்ன மோட்டாரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். பின்பக்கம் முப்பது அடி இரும்புக் குழாயை நட்டு, மூன்று பலகையை இறக்கை மாதிரி இழைத்து, சைக்கிள் செயினும் பல்சக்கரமும் பூட்டி, காற்றாடி ஒன்று செய்துவிட்டார். காற்று அதைச் சுழற்றுகிறது, அது மோட்டாரைச் சுழற்றுகிறது. அப்படிச் சுழன்றால் மோட்டாரே கரண்ட் உண்டாக்குமாம். மோட்டாரின் ஒயரை வீட்டு லைனிலேயே சேர்த்திருக்கிறார். தெற்குக் காற்று நிலைத்துப் பிடித்த பிறகுதான் சுவிட்சைப் போடுவார். காற்று தணிந்தால் ஓடிவந்து எடுத்துவிடுவார். இல்லாவிட்டால் மோட்டார் நம் கரண்டைத் தின்று வெறும் விசிறியாகச் சுற்றுமாம்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். "பார்வதி, இங்க வா. மீட்டரப் பாரு." கண்ணாடிக்குள்ளே அந்தத் தகட்டுச் சக்கரம் எப்போதும் போகிற பக்கம் போகாமல் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் பயந்து, "கெட்டுப்போச்சா?" என்றேன். சிரித்தார் தம்பி. சத்தம் போட்டுச் சிரித்தார்.

நீ கரண்ட் ஆபீசில் இருப்பவன். இதனால் ஏதாவது தப்பு வருமா என்று எழுது. உன்னோடு வேலை பார்க்கிற இராமதாசையும் கேட்டதாகச் சொல். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
பார்வதி.


ஏனாம்,
24-6-1984.

அன்புள்ள அக்காவுக்கு ஆதிமூலம் எழுதுவது. இருமல் விட்டுவிட்டது. நானும் இராமதாசும் குவார்ட்டர்சில் சுகமாகத்தான் இருக்கிறோம், நேற்று அவன் வைத்த குழம்பைத் தவிர.

உன் கடிதத்தை அவனுக்கும் படித்துக் காட்டினேன். "உங்க மாமாவ இங்க அனுப்புடா, நம்ம ஜே.இ. இன்ஜினியருக்கு பாடம் நடத்தட்டும்" என்றான்.

மீட்டர் கெடவில்லை அக்கா. மத்தியானம் உங்கள் வீட்டில் ஒரு பல்புகூட எரியாது. மாமா உண்டாக்குகிற கரண்டுக்கு வீட்டுக்குள் வேலை இல்லை. அது கம்பி வழியாக வெளியே போய் பக்கத்து வீட்டு ஆயம்மாவின் விசிறியைச் சுழற்றும். அப்போது சக்கரம் பின்னால் போகும். பொழுது சாய்ந்து நீ விளக்குப் போட்டதும் கம்பியிலிருந்து உள்ளே வாங்குகிறாய், சக்கரம் முன்னால் வரும். மாதத்துக்குப் பத்து யூனிட் வாங்கி ஆறு யூனிட் வெளியே கொடுத்திருந்தால் மீட்டரில் நான்குதான் நிற்கும். அது பொய் சொல்லவில்லை, இரண்டு பக்கமும் பார்த்து மிச்சத்தைச் சொல்கிறது.

ஆனால் இதற்கு நம் டிபார்ட்மெண்டில் விதி எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பின்னால் போகிற மீட்டரைக் கண்டால் எவருக்கும் திருட்டு என்றுதான் தோன்றும். அதனால் மறைக்க வேண்டாம். மீட்டர் ரீடர் வரும்போது மாமாவே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டட்டும்.

அவர் சிரித்தார் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை மட்டும் நான்கு தடவை படித்தேன்.

தம்பி,
ஆதிமூலம்.


மூலக்குளம்,
14-7-1984.

அன்புத் தம்பிக்கு, நாங்கள் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நல்ல காற்று. காயப்போட்ட துணி கொடியில் நிற்க மாட்டேன் என்கிறது.

நீ சொன்னபடியே மீட்டர் ரீடர் சின்னக்கண்ணுவிடம் உன் மாமா எல்லாவற்றையும் காட்டினார். அந்த ஆள் அரைமணி நேரம் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "போன மாசத்துக்கு இந்த மாசம் நம்பர் கொறஞ்சி இருக்குதே, நான் என்னான்னு எழுதறது? ஏ.இ. இன்ஜினியர் கிட்ட சொல்லித்தான் ஆவணும்" என்றார். சொல்லட்டும் என்றுவிட்டார் உன் மாமா.

இன்னொரு சேதி. நேற்று வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம், கரண்ட் நின்றுபோய்த் தெருவே இருட்டாகிவிட்டது. நம் வீட்டில் மட்டும் பல்பு எரிந்தது தம்பி. லைன் இல்லாவிட்டாலும் மோட்டார் தானாகவே கரண்ட் உண்டாக்குகிற மாதிரி கண்டென்சர் என்று ஒன்றை வாங்கி அதில் மாட்டியிருக்கிறார். தெருவில் பாதிப்பேர் நம் வாசலில் வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டு ஆயம்மா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புருஷனுக்காகச் சொல்தா பென்ஷன் வாங்குகிறாளே, அவள் ஓடிவந்து, "பார்வதி, எங்க வூட்டு பல்பும் மினுக்மினுக்னு எரியுதுடி" என்றாள். போய்ப் பார்த்தோம். மங்கலாக, நெருப்புத்துண்டு மாதிரி எரிந்தது. உன் மாமா அவளிடம், "உனக்கும் சேத்துத்தான் காத்து அடிக்குது" என்றார். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அப்படி இல்லை.

உடனே பதில் போடு. அவர் உன் பதிலுக்குக் காத்திருக்கிறார், கேட்க மாட்டார்.

அக்கா,
பார்வதி.


மூலக்குளம்,
25-8-1984.

அன்புத் தம்பிக்கு, உன் உடம்புக்கு என்ன? ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. ஆடியும் போய்விட்டது. தபால்காரர் வருகிற நேரத்துக்கு நான் வாசலிலேயே நிற்பதால் அவர் தூரத்திலேயே கையை ஆட்டிவிடுகிறார்.

வேலை அதிகமாக இருக்கும் என்கிறார் உன் மாமா. கோதாவரியில் வெள்ளம் என்று ஆயம்மா ரேடியோவில் கேட்டதாகச் சொல்கிறாள். நான் எழுதியதில் ஏதாவது மனசு கோணிவிட்டதா? அப்படியானால் திட்டியாவது நாலு வரி எழுது.

பார்வதி.


ஏனாம்,
9-9-1984.

அக்காவுக்கு, நான் நலமாக இருக்கிறேன். வேலை அதிகம்.

மாமாவிடம் சொல். காற்றாடியின் ஒயரை வீட்டு லைனிலிருந்து உடனே எடுத்துவிட வேண்டும். நாளைக்கு என்று வைக்க வேண்டாம். காரணம் கேட்க வேண்டாம்.

ஆதிமூலம்.


மூலக்குளம்,
23-9-1984.

தம்பிக்கு, கடிதம் வந்தது. நலம் என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம்.

உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டாவது தடவை அவரே வாங்கிப் படித்தார். எழுந்துபோய் ஒயரைக் கழற்றிச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார். காற்றாடி சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. நேற்றுச் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிட்டார்.

நான் உன்னிடம் கோபப்படுவது இதுதான் முதல் தடவை. உனக்கு ஆபீசில் ஏதாவது கெட்டபேர் வந்துவிடும் என்று பயமா? அப்படியானால் அதை எழுதியிருந்தால் அவரே கழற்றியிருப்பார். காரணம் கேட்க வேண்டாம் என்று எழுத அவர் உனக்கு யார்? பத்தாவதில் நீ தவறியபோது உன்னை ஐ.டி.ஐ.யில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்.

உன் எழுத்து ஏன் இப்படிக் கோணிக்கொண்டு போகிறது? பஸ்ஸில் உட்கார்ந்து எழுதினாயா? அக்காவுக்கு எழுத அவ்வளவுதான் நேரமா?

உடம்பைப் பார்த்துக்கொள். எவ்வளவு கோபமானாலும் அதை எழுதாமல் முடிக்க முடியவில்லை.

பார்வதி.


மூலக்குளம்,
28-10-1984.

மச்சான் ஆதிமூலத்துக்கு கிருஷ்ணசாமி எழுதுவது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தீபாவளிக்கு லீவில் வந்த இராமதாஸ் நேற்று நம் வீட்டுக்கு வந்தார். பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டே உன் அக்கா, "எங்க ஆதிமூலம் ஏன் வரல?" என்றாள். அவர் தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் சொன்னார்.

உன் அக்கா இன்னும் அடுப்பு பற்ற வைக்கவில்லை. ஆயம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கோபமாக எழுதினேனே என்று உன் அக்கா அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதை நீ மனசில் வைக்காதே.

நான் மோட்டார் தெரிந்தவன். லைன் செத்த பிறகும் என் வீட்டுப் பல்பு எரிகிறது என்றால், என் கரண்ட் தெருக்கம்பியில் ஏறுகிறது என்றுதான் அர்த்தம். ஆயம்மா வீட்டுப் பல்பு அதைக் கண்ணுக்கு நேராகக் காட்டியது. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். அந்த நேரம் கம்பத்தில் ஒருவன் ஏறியிருப்பான், லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பியைப் பிடித்திருப்பான். இருபத்தாறு வருஷ அனுபவத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

கண்டென்சரைக் கழற்றிவிட்டேன். அது இல்லாமல் இந்த மோட்டார் லைனில் கரண்ட் இருந்தால்தான் கரண்ட் உண்டாக்கும், லைன் செத்தால் தானும் செத்துவிடும். அதற்கு மேலும், மில் மோட்டாருக்குப் போடுகிற ஸ்டார்ட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி நடுவில் வைத்திருக்கிறேன். கரண்ட் போன நொடியில் அதன் சுவிட்ச் தானே விழுந்துவிடும், மறுபடி ஆள் வந்து தூக்கினால்தான் உண்டு. இரண்டு காவல். ஆனாலும் லைனில் சேர்க்கவில்லை. நீ சரி என்று எழுதினால் சேர்ப்பேன். வேண்டாம் என்றால் குழாயை அறுத்துவிடுகிறேன்.

உன் கையைப்பற்றி நீயே எழுது.

கிருஷ்ணசாமி.


ஏனாம்,
18-11-1984.

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் ஆதிமூலம் வணக்கத்துடன் எழுதுவது. இப்போது வலி இல்லை. அக்கா, நீ அழாமல் படி.

ஜூலை பன்னிரண்டு, வியாழக்கிழமை. லைனை நிறுத்திவிட்டு இன்சுலேட்டர் மாற்றக் கம்பத்தில் ஏறினேன். ஃபியூஸ் எடுத்தாகிவிட்டது. கம்பிகளை ஒன்றாகக் கட்டி எர்த் போட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மழை வருகிற மாதிரி இருந்ததால் அதைச் செய்யவில்லை. அது என் தப்பு. அந்த நேரம் பார்த்துத் தெருக்கோடி அரிசி அரவை மில்லில், கரண்ட் இல்லையே என்று ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார்கள். மெயின் சுவிட்சை எடுக்கவில்லை. கரண்ட் பின்வழியாகக் கம்பிக்கு வந்துவிட்டது. இடுப்பு பெல்ட் என்னைத் தாங்கிக்கொண்டது. இராமதாஸ்தான் இறக்கினான். வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் காக்கிநாடா ஆஸ்பத்திரியில் போய்விட்டன.

நீ எழுதிய கடிதம் அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கே வந்தது. கையில் கட்டு, இராமதாஸ்தான் படித்தான். மாமா சிரித்ததையெல்லாம் படித்து, ஆயம்மா வீட்டு பல்பு மங்கலாக எரிந்தது என்ற இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் நீ ரயிலேறி வந்துவிடுவாய். இராமதாசை எழுதச் சொன்னால் எழுத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பாய். இடது கையில் எழுதிப் பழகும்வரை தினமும் அந்த மூலக்குளம் கம்பத்தை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். பழகியதும் எழுதினேன். மாமாவின் பேச்சு திரும்பியதே அந்தக் காற்றாடியால்தான் என்று தெரியும். அதைக் கழற்று என்று எழுத எனக்கு வேறு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. எழுதின கொஞ்சமும் கடுமையாகப் போய்விட்டது.

மாமா, குழாயை அறுக்க வேண்டாம். கண்டென்சரை எடுத்தது சரி, ஸ்டார்ட்டர் வைத்ததும் சரி. ஆனால் நான் சரி என்றால் போதாது. ஏ.இ.க்கு மனு எழுதிக் கொடுங்கள். அவர்கள் வந்து கம்பத்தில் ஃபியூஸை எடுத்துப் பார்க்கட்டும்.

எனக்கு இனிமேல் கம்ப வேலை இல்லை. மீட்டர் சோதிக்கிற அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். மற்றபடி சொல்ல ஒன்றும் இல்லை.

ஆதிமூலம்.


மூலக்குளம்,
20-1-1985.

என் அன்புத் தம்பிக்கு, பொங்கலுக்கு நீ வரவில்லை. கூட்டம், ரயிலில் இடமில்லை என்று கார்டில் எழுதியிருந்தாய். நான் நம்பிவிட்டேன் என்று வைத்துக்கொள். இங்கே நாங்கள் இருவரும் சுகம்.

ஏ.இ. போன வாரம் வந்தார். இளவயசுக்காரர். லைன்மேன் கன்னியப்பனையும் கூட்டி வந்தார். காற்று அன்றைக்கு நன்றாக இருந்தது. காற்றாடியை ஓடவிட்டு, கன்னியப்பன் கம்பத்தில் ஃபியூஸைப் பிடுங்கினார். பிடுங்கின அந்த நொடியில் ஸ்டார்ட்டர் 'டக்'கென்று விழுந்தது. வெளியே போகிற ஒயரில் கட்டியிருந்த சோதனை விளக்கு அணைந்துவிட்டது. ஏ.இ. விடவில்லை. ஒன்பது தடவை செய்யச் சொன்னார். ஸ்டார்ட்டரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டும் பார்த்தார். அப்போதும் விளக்கு எரியவில்லை. ஒவ்வொரு தடவையும் உன் மாமா காற்றாடியைப் பார்க்கவில்லை, கம்பத்துமேல் இருந்த கன்னியப்பனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மீட்டர் பின்னால் போவதைத்தான் ஏ.இ.யால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. "நாலு யூனிட்னு நின்னா, நீங்க நாலுதான் எடுத்தீங்களா, நாப்பது எடுத்து முப்பத்தாறு குடுத்தீங்களான்னு எனக்குத் தெரியலையே" என்றார். அதனால் இரண்டு மீட்டர் வைத்திருக்கிறார். ஒன்று உள்ளே வருவதை மட்டும் எண்ணும், மற்றது வெளியே போவதை மட்டும். இரண்டும் பின்னால் சுற்றாது. மாதக் கடைசியில் சின்னக்கண்ணு இரண்டையும் குறித்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு இப்படி, அப்புறம் மேலதிகாரி சொல்கிறபடி என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

நான் பாயசம் வைத்தேன். உன் மாமா குடித்தார். குடித்துவிட்டு, "ஏனாமுக்கு எப்படிப் போறது?" என்றார். எதற்கு என்றேன். "அந்த அரவ மில்லுல இன்னும் அதே ஜெனரேட்டர், அதே மெயின் சுவிட்சுதான இருக்குது?" என்றார்.

இரும்புப் பெட்டியில் சாமானெல்லாம் எடுத்து வைத்துவிட்டார். பிப்ரவரி பத்தாம் தேதி மெட்ராஸ் போய் ரயில் ஏறுகிறார். அவருக்குத் தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. நீ காக்கிநாடா ஸ்டேஷனுக்கு வந்துவிடு. அவர் கேட்கிறதற்கெல்லாம் பதில் சொல். எனக்குச் சொல்லாமல் வைத்திருப்பதை அவரிடமாவது சொல்.

அக்கா,
பார்வதி.


ஏனாம்,
17-2-1985.

அன்புள்ள அக்காவுக்கு, மாமா சுகம். மூன்று வேளையும் சாப்பிடுகிறார். இராமதாஸ் குழம்பைக்கூட ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறார். வருகிற வெள்ளிக்கிழமை ரயில் ஏற்றிவிடுகிறேன்.

ஸ்டேஷனில் இறங்கியதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மில்லில் எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் பார்ப்பாரே, அப்படி. "மூணு வெரலு மடங்குதா?" என்றார். மடங்குது மாமா என்றேன். "அப்பறம் ஏன் பாக்கெட்டுல வெச்சிருக்க?" என்றார்.

அரவை மில் முதலாளி எங்களைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். பாவம், சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார். மாமா பெட்டியைத் திறந்து ஒரு சேஞ்ச்-ஓவர் சுவிட்சை எடுத்து மேஜைமேல் வைத்தார். கைப்பிடியை மேலே தள்ளினால் லைன், கீழே தள்ளினால் ஜெனரேட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. நான் தெலுங்கில் சொன்னேன். அந்த ஆள் கைப்பிடியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏழு மாதமாக அந்தத் தெருவழியாக நான் நடப்பதில்லை, அவர் என் குவார்ட்டர்ஸ் பக்கம் வருவதில்லை.

நான்கு நாள் வேலை. நேற்று முடிந்தது.

உனக்கு எழுதாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். ஜூலையிலிருந்து நான் ஒரு சுவிட்சையும் தொட்டதில்லை. குவார்ட்டர்சில் விளக்குப் போடுவதும் அணைப்பதும் இராமதாஸ்தான். மீட்டர் அறையில்கூட நான் எழுதுகிறேன், ஒயர் மாட்டுவது வேறு ஆள். பொங்கலுக்கு வராததும் அதனால்தான். வந்தால், "ஆதிமூலம், அந்த லைட்டப் போடு" என்று நீ ஒரு தடவையாவது சொல்லியிருப்பாய்.

இதை மாமாவிடம் நான் சொல்லவில்லை. அவராகவே பார்த்திருக்கிறார்.

நேற்றுக் காலை பத்துமணிக்கு அந்த மில்லுக்கு வருகிற லைனில் ஃபியூஸை எடுத்தோம். கைப்பிடியைக் கீழே தள்ளி ஜெனரேட்டரை ஓடவிட்டார்கள். மில் முழுக்க அரைக்கிற சத்தம். மாமா சோதனை விளக்கைக் கம்பத்திலிருந்து வருகிற ஒயரில் வைத்துப் பார்த்தார், எரியவில்லை. அப்புறம் அந்த ஒயரில் கையை வைக்கப் போனார். நான் கத்திவிட்டேன்.

"இன்னொருத்தன் கை படற எடம் இது. மொதல்ல என் கை படட்டும்" என்றார்.

வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. கையை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப நீ வா."

"வேணாம் மாமா."

"நான் புடிச்சிக்கினுதான் இருக்கறேன். எனக்கு ஆவாதது உனக்கு ஆவாது. வா."

முதலாளி, இராமதாஸ், அங்கே நெல் கொண்டுவந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. வலது கையைத்தான் நீட்டினேன். மூன்று விரலாலும் ஒயரைப் பிடித்தேன். குளிர்ச்சியாக இருந்தது அக்கா, அவ்வளவுதான். வெறும் செம்புக் கம்பி.

மாமா தன் கையை ஒயரிலிருந்து எடுத்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஜெனரேட்டரை நிறுத்தி, எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகும் நாங்கள் இரண்டுபேரும் அப்படியே நின்றிருந்தோம்.

உன் தம்பி,
ஆதிமூலம்.